உப்புத்தாள் எங்கே?

காலையிலேயே அவளுக்குத் தலை வெடித்தது.

"அம்மா, சார்ஜர் எங்க?" என்றான் மகன்.

"என் கண்ணாடியைப் பார்த்தியாம்மா?" என்றார் மாமியார்.

"மரம் தேய்க்கிற உப்புத்தாள் எங்க வச்சே?" என்றார் கணவர்.

"ஒரு கதவு ஒழுங்கா மூடல, இப்பத்தான் தச்சு வேலை ஞாபகம் வந்துதா? பரண்ல பாருங்க. நான் செத்தாலும் எழுப்பிக் கேட்பீங்க."

சாயங்காலம் வழக்கம்போல் நடைப்பயிற்சிக்குப் போய், முகம் தெளிந்து திரும்பினாள். வாசலில் ஷூவைக் கழற்றும்போதே மாமியார் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் சொன்னாருன்னு தினம் ஒரு மணி நேரம் நடக்கிறே. உடம்பு துளிகூட இளைக்கலையே? நாளையிலிருந்து நானும் கூட வரேன்."

அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். 'ஆண்டவா, அந்த ஒரு மணி நேரத்தையாவது எனக்கு விட்டுவை.'

கணவர் குனிந்து அவள் ஷூவைத் திருப்பிக் காட்டினார். "அடிப்பக்கம் எப்படித் தேஞ்சிருக்கு பாரும்மா. இவ வேகத்துக்கு உன்னால ஈடு கொடுக்க முடியுமா?"

மாமியார் முணுமுணுத்தபடி உள்ளே போனார்.

அவள் ஷூவை வாங்கித் தடவிப் பார்த்தாள். "இது எப்படிங்க இவ்வளவு தேஞ்சுது?"

"பூங்கா பெஞ்சுல கண்ணை மூடி உட்கார்ந்திருந்தா தேயாதுதான்" என்றார் அவர் மெல்ல. "அதுக்குத்தான் காலையில உப்புத்தாள் கேட்டேன்."