கதவுக்கு மேல் ஒரு விளக்கு

நாச்சிமுத்துவின் கணினிக்கு வீடியோ அழைப்பு வந்தால், அவனுடைய அறைக்கதவின் மேல் கம்பெனி மாட்டிவைத்த விளக்கு சிவப்பாக எரியும். அப்போது வீட்டார் உள்ளே போகக் கூடாது. பேச்சு முடிந்தால் பச்சை.

கொஞ்ச நாளாக மனைவி பூங்கொடி சாப்பிடக் கூப்பிட வரும்போதெல்லாம் சிவப்புதான். உள்ளே பேச்சுச் சத்தமே கேட்பதில்லை. சந்தேகம் அரித்தது. இன்று வைஃபை வயரைப் பிடுங்கிவிட்டு வந்தாள். அப்போதும் சிவப்பு.

கதவைத் தள்ளினாள். அணைந்த கணினி முன்னால் அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ஆருகிட்டப் பேசிட்டு இருந்தீங்க?"

"மத்தியானத்துல ஏது கால்? நீதான் சாப்பிடக்கூடக் கூப்பிடறதில்ல."

அவள் மெதுவாகக் கூடத்துக்குப் பின்வாங்கினாள். விளக்கு பச்சையானது.

ஓரடி முன்னால் வைத்தாள். சிவப்பு.