நொச்சி மென்ற ஆடு

குளத்தங்கரையில் ஒரு குதிரை வலது முன்னங்கால் பிசகிக் கிடந்தது. வழியோடு போன ஆடு ஒன்று அதைப் பார்த்துத் தங்கிவிட்டது. எந்த ஆடும் வாய் வைக்காத கசப்பு, நொச்சி இலை. இந்த ஆடோ தினமும் விடியலில் அதை மென்று விழுதாக்கி, வீங்கிய காலில் அப்பிவிடும். நாக்கு மரத்துப்போய் அதற்குப் புல்லின் ருசியே மறந்துவிட்டது.

"தேவலையா தம்பி? உனக்குக் குணமாயிட்டா நான் எங்க மலைக்குக் கெளம்பணும்."

"வீக்கம் வடிஞ்சிருக்குக்கா. வலிதான் விடல" என்று குதிரை கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் ஆடு சீக்கிரமே எழுந்து இலை பறிக்கப் போனது. குளத்தின் மேல் பனி பால் மாதிரி படர்ந்திருந்தது. அந்த வெள்ளைக்குள் ஏதோ ஒன்று, பிடரி மயிர் மிதக்க, ஈர மண்ணில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மேகம் தரையிறங்கி விளையாடுகிறதோ? கனவென்றுதான் ஆடு நினைத்தது. வாயெல்லாம் கசந்ததால் கனவில்லை என்று தெரிந்தது.

ஆடு திரும்பி வந்தபோது, மூச்சிரைக்க நின்ற குதிரை அவசரமாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டது.

"இன்னிக்கு வலி ஜாஸ்திக்கா."

தூக்கியிருந்தது இடது கால்.

ஆடு அந்தக் காலையே கொஞ்சநேரம் பார்த்தது. பிறகு குனிந்து, மென்ற இலையை அதிலேயே பதமாக அப்பியது.

"ஊனிடாதே தம்பி" என்றது.