சிவப்புத் தையல்

அண்ணியின் கையில் கத்தரிக்கோலைப் பார்த்ததும் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓர் உடையில் தொங்கிக்கொண்டிருந்த நூலை நறுக்கத்தான் அண்ணி போனாள். ஆனாலும், "அதைக் கீழ வைங்க அண்ணி. ஏற்கெனவே வெட்டினது போதும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

மேடைக்குப் பின்னால் மாடல்கள் வரிசையில் நின்றார்கள். கால்பந்து ஜெர்சி, ரசிகர்கள் கழுத்தில் சுற்றும் துண்டு, கேலரியில் கத்தும் பையன்களின் தொளதொள ஜாக்கெட் என்று எல்லாமே மைதானத்திலிருந்து எடுத்தவை. இருந்த வேலையையும் விட்டுவிட்டுத் தங்கை உருவாக்கிய முதல் கலெக்‌ஷன். முன்வரிசையில் பெரிய துணிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் பிழைப்பு, இல்லாவிட்டால் பழைய கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

எல்லா உடையிலும் ஒரே அடையாளம். அடியிலிருந்து கழுத்துவரை நெஞ்சு வழியாக ஒரு வெட்டு, அதை இழுத்துப் பிடித்த சிவப்புத் தையல். அண்ணனின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடைத்த ஜெர்சியிலிருந்து அப்படியே எடுத்தது.

வெளியூர் வேலையை உதறிவிட்டுத் தங்கை வீடு திரும்பியபோது அண்ணன் கால்பந்து ஆட்டத்தையே விட்டிருந்தான். "வயசாயிடுச்சுடி வாலு" என்று சிரித்து மழுப்பினான். ஜெர்சியைக் காட்டிக் கேட்டால், துவைக்கும்போது கிழிந்தது, தைத்து வைத்தேன் என்றாள் அண்ணி. துவைத்தால் இவ்வளவு நேராகவா கிழியும்? கிளப் சின்னத்தைக்கூட விட்டுவைக்காமல் கத்தரி போயிருந்தது.

கால்பந்து என்றாலே அண்ணிக்கு ஆகாது என்பது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதற்கு மேல் தங்கைக்குச் சாட்சி தேவைப்படவில்லை. ஆசையாக ஆடியவனை வீட்டில் கட்டிப்போட்டு, சாப்பாட்டில் உப்புக்கூடச் சரியாகப் போடாமல் இது என்ன குடித்தனம் என்று போகிற இடமெல்லாம் புலம்பினாள். 'ஒரு மனைவியின் கோபம் வெட்டிய ஜெர்சி' என்று பத்திரிகைக்காரரிடமும் சொல்லி, அது படத்தோடு வந்துவிட்டது. அண்ணி அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. தங்கைக்கு அது இன்னும் எரிச்சல்.

கடைசி ஆளாக அண்ணன் வர வேண்டும். அந்தப் பழைய ஜெர்சியோடு மேடை முழுக்க ஓடி, முனையில் பந்தை உதைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கடைக்காரர் அசந்துபோக அவள் வைத்திருந்த துருப்புச் சீட்டே அதுதான்.

"நடந்து வரட்டுமேம்மா" என்றாள் அண்ணி.

"கோல் போட்டவன் நடந்தா வருவான்?"

இசை ஏறியது. மாடல்கள் ஒவ்வொருவராகப் போய்த் திரும்பினார்கள்; கைதட்டல் உள்ளேவரை கேட்டது. ஜெர்சியை மாட்டிக்கொண்டு அண்ணன் திரையருகே வந்து நின்றான். அவன் கையை அண்ணி கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"இன்னிக்கு அவளோட நாள். எதுவா இருந்தாலும் நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று அவன் மெல்லச் சொன்னது தங்கையின் காதிலும் விழுந்தது.

வெளியே அவன் பெயரை அறிவித்துவிட்டார்கள். அண்ணியின் பிடி தளரவில்லை. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் கண்ணெதிரே வீணாய்ப் போகிறதே என்று தங்கைக்கு அழுகை முட்டியது.

"ஜெர்சியை வெட்டியும் உங்க மனசு ஆறலையா அண்ணி? இன்னிக்கு ஒரு நாளாவது அவரை ஓட விடுங்க."

அண்ணன் மனைவியைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். அண்ணி அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"நான் வெட்டலம்மா. மைதானத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாரு, கழட்ட நேரமில்லைன்னு ஆஸ்பத்திரியில வெட்டினாங்க."