பதினெட்டாவது ஃபிரேம்

தகரக் கொட்டகையின் ஆணித் துளைகள் வழியே நண்பகல் வெயில் ஊசி ஊசியாக இறங்குகிறது. கண்ணை முழுக்க மூடும் திரைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணன் நடுவில் நிற்கிறான். உள்ளங்கை அளவு ட்ரோனின் கேமரா காட்டுவதுதான் இப்போது அவனுக்குப் பார்வை. ட்ரோன் பந்தயத்துக்கு நாலே நாள். ட்ரோனின் எலும்புக்கூடு போன்ற பிளாஸ்டிக் ஃபிரேம்களைத் தங்கை செய்து தர, அவற்றை ஒவ்வொன்றாக மாட்டி, முழு வேகத்தில் சிமெண்ட் சுவரில் அடித்துப் பார்ப்பதுதான் அவர்களுடைய சோதனை. பதினேழு போயாயிற்று. கை முறிந்தவையும் முதுகு பிளந்தவையும் அவள் காலடியில் கிடக்கின்றன. "தும்மினாலே உடையும்போல. இதையெல்லாம் ஃபிரேம்னு கொண்டுவந்து நீட்டறே," என்கிறான். அவள் பல்லைக் கடிக்கிறாள். இந்தத் தடவை ஃபிரேமின் கைகளைத் தடிமனாக்கி, வளைந்து கொடுக்கும் நைலானில் செய்திருக்கிறாள். "பேசாம அடிண்ணே." கலைந்த குளவிக்கூடு போல் இரைந்து கிளம்பிய ட்ரோன் சுவரை அறைகிறது. ஆனால் உடையவில்லை. வில்லாக வளைந்து நிமிர்ந்து, சுழன்று திரும்பி, அதே வெறியோடு வந்த வழியே பாய்கிறது. திரைக்கண்ணாடிக்குள் அவன் முகமே அவனை நோக்கி வந்திருக்க வேண்டும். விசையை அணைக்க விரல் நகர்வதற்குள் அது அவன் வாயில் மோதுகிறது. சுழலும் இறக்கைகள் உதட்டைக் கிழித்துவிட்டு நிற்கின்றன. அவன் மண்டியிட்டுச் சரிகிறான். அவள் ஓடிவந்து குனிந்து, ட்ரோனை எடுக்கிறாள். ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். "உடைஞ்சிருச்சா?" என்று கொழகொழத்த குரலில் கேட்கிறான். "ஒரு கீறல்கூட இல்லண்ணே," என்கிறாள் சிரித்தபடி. அதற்குப் பிறகுதான் தரையில் கிடக்கும் அவன் முன்பல் அவள் கண்ணில் படுகிறது.