டீக்கடைப் பக்கம் ஆடிய ஊசி

"நைனா, ஒன் ஊசிக்கு என் டீ மேல ஆசை வந்துடுச்சு போல கீது. இந்தப் பக்கம் வந்தாலே ஆடுது!"

சொல்லிவிட்டு அஜீசுன்னிசா சிரித்தாள். அவள் புருஷன் அத்தாவுல்லா பாய் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் தகடு வெட்டும் வேலைக்கு அன்று மட்டம் போட்டுவிட்டு, கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

லியோனார்ட் ராயபுரத்துப் பையன். கழுத்தில் காந்த ஊசிப் பெட்டியைத் தொங்கவிட்டு, திருவொற்றியூர் மைதானம் முழுக்க நடந்துகொண்டிருந்தான். யுத்த காலத்தில் ராணுவம் அங்கே ஒரு பெட்ரோல் டாங்கியைப் புதைத்துவிட்டு, எந்த இடம் என்று சொல்லாமல் போய்விட்டது. நிலத்தை வாங்கிய கம்பெனி தொழிற்சாலை கட்டுவதற்குள் அதைத் தேடச் சொல்லியிருந்தது. ரோட்டோரம் இருந்த டீக்கடையை அப்படியே விட்டுவிட அவர்களுக்குச் சம்மதம். ஆனால் டாங்கி கடைக்கு அடியில் இருந்தால் கடையைப் பிரித்தே ஆக வேண்டும்.

"பெல்ட் இல்ல, செருப்பு இல்ல, கால்சட்டைக்குக் கயிறு. நீ கம்பெனி ஆளா, இல்ல யாராவது ஒன்ன உருவிட்டாங்களா?"

"இரும்பு ஒடம்புல இருந்தா ஊசி பொய் சொல்லும் அக்கா. இப்ப ஒங்க கூரையாலதான் பேஜாரு. எம்மாம் பெரிய தகடு! ஏது பாய் இது?"

பாய் தொண்டையைச் செருமினார். அஜீசுன்னிசா முந்திக்கொண்டாள். "மிலிட்டரி சாமான்."

அரைவட்டமாக வளைந்திருந்த கூரையை லியோனார்ட் பார்த்தான். ராணுவக் கொட்டகைகள் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

"ஊசி கூரைக்கு ஆடுதா, கீழ இருக்கறதுக்கு ஆடுதா, தெரியல. உள்ள கம்பி எறக்கிப் பாக்கறேன். முட்டுச்சுன்னா டாங்கி."

பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு நீளக் கம்பியை அடிக்கத் தொடங்கினான். அஜீசுன்னிசாவின் சிரிப்பு நின்றுபோனது. இந்தக் கடையை விட்டால் அவர்களுக்குக் குந்த வேறு இடமில்லை.

கம்பி எதிலும் முட்டாமல் சரசரவென்று இறங்கியது. வேறு இடங்களில் அடித்துப் பார்த்தான். அங்கேயும் அப்படித்தான்.

"மண்ணு பொலபொலன்னு கீதே. யாரோ தோண்டி மூடின மாதிரி."

"கடலோரத்து மணல் பின்ன கல்லாட்டமா இருக்கும்?" என்றாள் அஜீசுன்னிசா.

லியோனார்ட் கைகளைத் தட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். "மண்ணுக்கு அடியில கீதா, இல்லியா, அதச் சொல்றது மட்டும்தான் என் வேலை. அடியில இல்ல. அப்படியே சொல்லிடறேன். கடைய யாரும் தொட மாட்டாங்க."

பாய் பெருமூச்சு விட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாலாடை போட்டு டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் நிதானமாக உறிஞ்சிக் குடித்தான்.

"அக்கா, போன பொயல்ல ஊரே ஒழுவுச்சே. இந்தக் கூரை ஒழுவுச்சா?"

"ஒரு சொட்டு இல்ல!" என்றாள் பெருமையாக.

லியோனார்ட் எழுந்து, கூரையை விரலால் செல்லமாகத் தட்டினான்.

"எப்பிடி ஒழுவும்? யுத்தம் முடியற வரைக்கும் பெட்ரோலையே ஒழுவ வுடாத டாங்கியாச்சே!"