இன்வர்ஸும் ரிவர்ஸும்

"என்னங்க, இன்வர்ஸுக்கும் ரிவர்ஸுக்கும் என்ன வித்தியாசம்?" என்று மனைவி சண்முகசுந்தரி கேட்டதும் சேரன்மகாதேவி அம்மையப்பனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவரிடம் இங்கிலீஷில் சந்தேகம் கேட்க யார் இருக்கிறார்கள்?

அப்பா விட்டுப்போன பெரிய அகராதியை மடியில் வைத்துப் புரட்டினார்.

"இன்வர்ஸ்னா தலைகீழ். சொம்பைக் கவுத்தி வச்ச மாதிரி."

"அப்போ ரிவர்ஸு?"

அம்மையப்பன் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அகராதி 'எம்' எழுத்தோடு முடிந்திருந்தது. தொண்ணூற்று மூன்றில் நடந்த பாகப்பிரிவினையில் மிச்சப் பாதி அடுத்த வீட்டுத் தம்பி கோமதிநாயகத்துக்குப் போய்விட்டது. அன்றோடு பேச்சுவார்த்தையும் நின்றுவிட்டது.

"தெரியலைன்னா விடுங்க."

அவருக்கா தெரியாது? விறுவிறுவென்று சுற்றுச்சுவர் பக்கம் போனார்.

"ஏலே, ரிவர்ஸுக்கு என்னலே போட்டிருக்கு?"

கேட்டு முடிக்குமுன் பதில் வந்தது.

"வரிசை பின்முன்னா மாறுதது, அண்ணே. ஆமா, இன்வர்ஸுக்கு என்ன போட்டிருக்கு? காலையிலேருந்து இவ கேட்டு உயிரை எடுக்கா!"

அண்ணனும் தம்பியும் பேசப் பேச இருட்டிவிட்டது.

கொல்லைப்புறத்தில் தம்பி மனைவி வடிவு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நாளைக்கு என்ன வார்த்தை?"

"எதுவானாலும் சரி," என்றாள் சண்முகசுந்தரி. "ஒண்ணு எங்க பாதியில இருக்கணும், ஒண்ணு உங்க பாதியில இருக்கணும்."