கோபி மணலில் இரண்டு கை

கோவில்பட்டியில் அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து, கையுறை மாட்டிக்கொண்டு, மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்துப் பாறையைத் துடைப்பதுதான் செண்பகவல்லிக்கு வேலை, கண்ணுகளா. இவள் விரலை அசைத்தால் அங்கே இயந்திரக் கை அசையும். அங்கே காற்றடித்தால் இவள் கை எரியும்.

காலையில்தான் ஒரு கூட்டைத் திறந்திருந்தாள். ஏழு கோடி வருடத்துக்கு முன் மணற்புயலில், முட்டைகளின்மேல் சிறகை விரித்தபடியே புதைந்து கல்லாகிப்போன தாய் டைனோசர். மத்தியானம் மறுபடியும் புயல் வந்தது. திறந்து கிடக்கிற முட்டைகள் அந்தக் காற்றில் பொடிந்துவிடும்.

"கையை மடக்குங்கம்மா! மெஷின் உடைஞ்சா உங்க வேலை போயிரும்" என்று போனில் கத்தினார் சூப்பர்வைசர்.

அவள் மடக்கவில்லை. கூட்டின்மேல் இரண்டு கைகளையும் விரித்தாள்.

தொட்டிலில் பிள்ளை வீறிட்டது.

"ஏட்டி, பெத்த பிள்ளை பாலுக்கு அழுது. நீ கல்லுக்குக் குடை பிடிக்கியா?" என்றான் புருஷன் பூவலிங்கம்.

"மூடிக் கெடந்ததத் தொறந்தது நாந்தான? பிள்ளைய இங்க கொண்டாங்க."

முணுமுணுத்துக்கொண்டே, விரித்த கைகளுக்கு அடியில், அவள் மடியில் பிள்ளையைக் கிடத்தி, மாராப்பை விலக்கிவிட்டான். அழுகை நின்றது.

அங்கே இயந்திரக் கைகளின்மேல் குவிந்த மணல் இங்கே கையுறைக்குள் கனத்தது. மணிக்கட்டு, முழங்கை, தோள். இனி அவளே நினைத்தாலும் கை மடங்காது.

அடியில் பிள்ளை மட்டும் காலை உதைத்துக்கொண்டே இருந்தது.